மருத்துவரிடம் மட்டும் சொன்னது விளம்பரத்துக்கு எப்படித் தெரிந்தது?

கேள்வி: சில மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை. ஓர் இரவு, மனச்சோர்வு இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் இணையதளம் ஒன்றில் கேள்விகளுக்கு விடை கொடுத்துப் பார்த்தேன். இன்காக்னிட்டோவில்தான் திறந்தேன். முடிவை அனுப்ப மின்னஞ்சல் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு ஒரு மனநல மருத்துவரையும் போய்ப் பார்த்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. போன வாரம் என் மனைவி என் கைபேசியில் இன்ஸ்டாகிராம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மனச்சோர்வுக்கு ஆன்லைன் ஆலோசனை, தூக்கத்துக்குச் செயலி என்று வரிசையாக விளம்பரங்கள். "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு வருது?" என்று கேட்டாள். எதையோ சொல்லிச் சமாளித்தேன். மருத்துவர் என் விவரத்தை விற்றுவிட்டாரா? கைபேசி ஒட்டுக்கேட்கிறதா? அலுவலகத்துக்கும் தெரிந்துவிடுமா? இன்ஸ்டாகிராம் கணக்கை நீக்கினால் சரியாகுமா? அடுத்த முறை மருத்துவரிடம் போகவே தயக்கமாக இருக்கிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவரிடம் போவதை நிறுத்தாதீர்கள். செயலிகளும் இணையதளங்களும் எந்தத் தகவலை யாருக்கு அனுப்புகின்றன என்று தோண்டிப் பார்ப்பதுதான் என் தொழில். உங்கள் கடிதத்தில் மருத்துவர் வரும் இடத்தில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. "மின்னஞ்சல் கேட்டார்கள், கொடுத்தேன்" என்று போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். நான் நின்றது அங்கேதான்.

சமூக ஊடகச் செயலி நம்மை உளவு பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல நேரம் அதற்கு அந்தச் சிரமமே இல்லை. வெளியே இருக்கும் தளங்களும் செயலிகளும் தாமாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகின்றன.

உங்களைச் சோதித்த அந்தத் தளத்தையே எடுத்துக்கொள்வோம். அதை நடத்துபவர் விளம்பரம் கொடுத்துத்தான் ஆள் சேர்க்கிறார். கொட்டிய பணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கடைசிக் கேள்வி வரை போனார்கள் என்று அவருக்குத் தெரியவேண்டும். அதற்காக மெட்டா (முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் நிறுவனம்), டிக்டாக், கூகுள் போன்ற நிறுவனங்கள் ஒரு சிறு நிரலை இலவசமாகக் கொடுக்கின்றன. இணையதளத்தில் வைப்பதைப் பிக்சல் என்பார்கள். செயலிக்குள் வைப்பது எஸ்டிகே. பக்கம் திறந்ததும் அது வேலையைத் தொடங்கிவிடும். எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள், எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், சோதனையை முடித்தீர்களா என்பதெல்லாம் அப்போதைக்கப்போது விளம்பர நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடும். நீங்கள் கொடுத்த விடைகள் போகவேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தின் முகவரியிலேயே மனச்சோர்வு, சோதனை, முடிவு என்ற சொற்கள் இருந்தால் அதுவே போதுமே.

இன்காக்னிட்டோவில் திறந்தேனே என்பீர்கள். அது செய்வது, ஜன்னலை மூடியதும் உங்கள் கருவியில் தடயம் இல்லாமல் துடைப்பது. உங்கள் மனைவி தேடல் வரலாற்றைத் திறந்து பார்த்தால் எதுவும் சிக்காது, அவ்வளவுதான். அந்தத் தளத்துக்கும் அதில் ஒட்டியிருக்கும் பிக்சலுக்கும் யாரோ வந்திருப்பது அப்போதும் தெரியும். யார் என்பதுதான் தெளிவில்லாமல் இருந்திருக்கும். மின்னஞ்சலைத் தட்டியதோடு அதுவும் தீர்ந்தது. இன்ஸ்டாகிராமிலும் அதே மின்னஞ்சலைத்தானே கொடுத்திருப்பீர்கள்?

இங்கே நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. மின்னஞ்சலை அப்படியே அனுப்பவில்லை, ஹேஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத எண்களும் எழுத்துகளுமாக மாற்றித்தான் அனுப்பினோம் என்பார்கள். சொல்வது உண்மைதான், ஆனால் உங்களுக்கு அதனால் பயனில்லை. ஒரே மின்னஞ்சலை ஒரே முறையில் ஹேஷ் செய்தால் எங்கே செய்தாலும் ஒரே விடைதான் வரும். தளம் அனுப்பிய அந்த எண்ணெழுத்துச் சரத்தை, தன் பயனர்களின் மின்னஞ்சல்களிலிருந்து தானே உருவாக்கிய சரங்களோடு சமூக ஊடக நிறுவனம் ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தினால் ஆள் நீங்கள்தான். வழியில் திருடுபவனுக்குத்தான் அது புரியாது. போய்ச் சேரவேண்டிய இடத்தில் நன்றாகவே புரியும்.

நான் ஊகத்தை அடுக்குகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். உங்களுக்கு நடந்ததைப் போன்ற ஒன்று வழக்காகவே வந்திருக்கிறது. பெட்டர்ஹெல்ப் என்பது ஆன்லைனில் மனநல ஆலோசனை தரும் பெரிய நிறுவனம். சேர வருபவர்களிடம் நீண்ட கேள்விப்பட்டியலை நிரப்பச் சொல்வார்கள். தகவல் வெளியே போகாது என்ற உறுதிமொழியும் அங்கேயே இருக்கும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் அந்த நிறுவனத்தின் மீது வைத்த குற்றச்சாட்டின்படி, 2017, 2018ஆம் ஆண்டுகளில் மட்டும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மின்னஞ்சல்கள் முகநூலில் ஏற்றப்பட்டன. அவற்றில் 40 இலட்சத்துக்கு மேல் முகநூல் கணக்குகளோடு பொருந்தின. ஹேஷ் செய்துதான் ஏற்றினார்கள். இதற்கு முன் ஆலோசனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு மக்கள் கொடுத்த விடைகூட விளம்பரத்துக்குப் பயன்பட்டதாக ஆணையம் சொன்னது. கடைசியில் 78 இலட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

இந்தப் பட்டியலில் ஏறுவதற்கு ஒருவர் தன் நோயைப் பற்றி எதுவுமே சொல்லியிருக்க வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். மனநல ஆலோசனைத் தளத்தின் பட்டியலில் ஒரு மின்னஞ்சல் இருப்பதே செய்திதான்.

குட்ஆர்எக்ஸ் என்ற மருந்துத் தள்ளுபடி நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. இதயநோய், இரத்த அழுத்தம் என்று குறிப்பிட்ட மருந்துகளை வாங்கியவர்களைப் பட்டியல் போட்டு, அவர்களின் மின்னஞ்சல், தொலைபேசி எண்களை 2019இல் முகநூலில் ஏற்றி, அவர்களுக்கே உடல்நலம் தொடர்பான விளம்பரம் காட்டியது. அபராதம் 15 இலட்சம் டாலர். மாதவிடாய்க் கணக்குச் செயலியான ஃப்ளோவின் கதை வேறு மாதிரி. செயலிக்குள் ஒரு பெண் எதையாவது பதிந்தால் அந்தச் செயலுக்கு நிரலில் ஒரு பெயர் இருக்கும். 'கர்ப்ப வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது' என்ற பொருள் வெளிப்படையாகத் தெரியும்படி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எஸ்டிகே அந்தப் பெயரை அப்படியே முகநூலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பெயர் வைத்த நிரலாளருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தனக்குப் புரிகிற மாதிரி பெயர் வைப்பதுதான் நல்ல நிரலாளரின் பழக்கம். நான் பார்க்கும் கசிவுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். சதி செய்தவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். யோசிக்காமல் ஒட்டிவிட்டுப் போனவர் கிடைப்பார். அதற்காக, வாங்கிக்கொண்டவர் ஒன்றும் அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. இந்த விவகாரத்தில் 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஒரு நடுவர் குழு, அந்த மாநிலத்தின் தனியுரிமைச் சட்டத்தை மெட்டா மீறியது என்றே தீர்ப்புச் சொன்னது.

மருத்துவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் விற்கவில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம், விற்கவேண்டிய தேவையே இல்லாமல் எல்லாம் நடந்துவிடுகிறது என்பதுதான். ஆனால் மருத்துவமனையின் இணையதளத்தில் முன்பதிவு செய்திருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தி மார்க்கப் என்ற செய்தி நிறுவனம் 2022இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகள் நூற்றின் தளங்களைச் சோதித்தபோது, 33 தளங்களில் முன்பதிவுப் பொத்தானை அழுத்தியதும் மெட்டாவின் பிக்சல் தகவல் அனுப்பியதைக் கண்டது. எந்த மருத்துவர், எந்தப் பிரிவு என்பதும் சில இடங்களில் சேர்ந்தே போயிருந்தது. அங்கிருந்த மருத்துவர்களுக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. தொலைபேசியிலோ நேரிலோ முன்பதிவு செய்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

ஒட்டுக்கேட்பது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்தார்கள். இரகசியமாக மைக்கை இயக்கி ஒலியை அனுப்பிய செயலி ஒன்றும் அவர்களிடம் சிக்கவில்லை. திரையில் நாம் செய்வதைப் படம் பிடித்து மூன்றாம் நிறுவனத்துக்கு அனுப்பிய செயலிகள்தான் சிக்கின. நாள் முழுக்கப் பேச்சைக் கேட்டு, அனுப்பி, பொருள் பிரிப்பது செலவு பிடித்த வேலை. விரல் தொட்ட இடமே விஷயத்தைச் சொல்லிவிடும்போது அந்தச் செலவு எதற்கு? மைக் அனுமதியை வேண்டுமானால் அணைத்துவையுங்கள், தப்பில்லை. அதை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவதுதான் தப்பு.

செயலிக்கு உள்ளேயே நீங்கள் விட்டுவரும் தடங்களும் உண்டு. தூக்கமின்மை பற்றிய காணொளியில் எத்தனை நொடி நின்றீர்கள், எதைச் சேமித்தீர்கள், யாருக்கும் தெரியாமல் எந்தக் கணக்கைத் தேடிப் படித்தீர்கள் என்பதிலிருந்து அது தானாகவே ஊகித்துக்கொள்ளும். நீங்கள் லைக் போடாமல் இருப்பதால் மட்டும் இது நிற்காது. இன்னொன்று, இன்ஸ்டாகிராமில் ஒரு இணைப்பைத் தொட்டால் அது பெரும்பாலும் இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே இருக்கும் பிரவுசரில் திறக்கிறது. ஃபீலிக்ஸ் கிராவுஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2022இல் இதைப் பிரித்துப் பார்த்து, திறக்கும் வெளித்தளங்களில் செயலி தன் சொந்த நிரலைச் செருகுகிறது என்று காட்டினார். அந்தச் சோதனைத் தளத்துக்கு நீங்கள் முதலில் போனதே ஒரு விளம்பரத்தைத் தொட்டுத்தானா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

"உடல்நலத்தை வைத்து இலக்கு வைப்பதை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்ததே" என்று சிலர் கேட்பதுண்டு. வந்தது. 2022 ஜனவரியில் மெட்டா, கீமோதெரபி, நீரிழிவு தினம் போன்ற உடல்நலத் தலைப்புகளில் ஆர்வம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கும் வசதியை விளம்பரதாரர்களிடமிருந்து எடுத்துவிட்டது. உடல்நலத் தகவலை எங்களுக்கு அனுப்பாதீர்கள் என்று விதியும் வைத்திருக்கிறது, வடிகட்டியும் வைத்திருக்கிறது. ஆனால் கையில் சொந்தப் பட்டியல் இருக்கும் விளம்பரதாரருக்கு அந்தத் தலைப்புகள் எதற்கு? பட்டியலை ஏற்றி, "இவர்களுக்குக் காட்டு, இவர்களைப் போல இருப்பவர்களுக்கும் காட்டு" என்றால் வேலை முடிந்தது. இந்த இரண்டாவது பாதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

அலுவலகத்துக்குத் தெரியுமா? விளம்பர வழியாக நேரடியாகத் தெரியாது. விளம்பரதாரருக்கு இத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கைதான் கிடைக்கும், பெயர்கள் அல்ல. ஆனால் அந்த விளம்பரத்தைத் தொட்டால் நிலைமை மாறும். இணைப்போடு ஒரு அடையாளக் குறியீடு சேர்ந்து போகும். விளம்பரம் மனச்சோர்வு உள்ளவர்களுக்கென்றே காட்டப்பட்டது என்பது விளம்பரதாரருக்குத் தெரியும். அங்கே போய்ப் பெயரையும் எண்ணையும் கொடுத்தால் மூன்றும் அவர் மேசையில் ஒன்றுசேர்ந்துவிடும். ஆகவே அந்த விளம்பரங்களை ஆர்வத்துக்காகக்கூடத் தொடாதீர்கள்.

உங்கள் கவலையில் எனக்கு நியாயமாகப் படும் பகுதி தரவுத் தரகர்கள், அதாவது மக்களின் தகவல்களைத் திரட்டி விற்பவர்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் 2023இல் வெளியான ஓர் ஆய்வில், மனநலத் தகவல் விலைக்குக் கிடைக்குமா என்று அமெரிக்கத் தரகு நிறுவனங்கள் 37ஐக் கேட்டார்கள். விற்கத் தயாராக இருந்தவை 11. மருத்துவ இரகசியத்தைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் போன்றவற்றைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஒரு செயலியோ சோதனைத் தளமோ பெரும்பாலும் அதன் வரம்புக்குள் வருவதில்லை. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. எந்தச் சட்டம் இருந்தாலும், ஒருமுறை வெளியே போனதைத் திரும்ப அழைப்பது கடினம். இனிமேல் போகாமல் பார்ப்பதுதான் கைவசம் உள்ள வேலை.

கணக்கை நீக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிடிக்கவில்லை என்றால் நீக்குங்கள், அது வேறு. இந்தச் சிக்கலுக்கு அது மருந்தல்ல. அந்தத் தளத்திடம் உங்கள் மின்னஞ்சல் அப்படியே இருக்கும். நாளைக்கு அதே பட்டியலை யூடியூபுக்கோ டிக்டாக்குக்கோ எடுத்துப்போகலாம். அதே மின்னஞ்சலில் முகநூல் கணக்கும் இருந்தால் விளம்பரம் அங்கே தொடரும்.

பலனுள்ள வேலை, உடல்நலத்துக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்வது. எந்தச் சமூக ஊடகத்திலும் கொடுக்காத முகவரியாக இருக்கவேண்டும். சோதனை முடிவு, ஆய்வக அறிக்கை, முன்பதிவு எல்லாம் அதில் மட்டும். முடிந்த இடத்தில் கைபேசி எண்ணையும் கொடுக்காமல் தவிருங்கள், ஏனென்றால் பட்டியல் பொருத்தத்தில் அதுவும் மின்னஞ்சலைப் போலத்தான் வேலை செய்கிறது. நான் இருபது அமைப்புகளைச் சொல்லி, அதில் நீங்கள் இரண்டை மாற்றுவதைவிட, இந்த ஒன்றைச் செய்தால் நல்லது.

பிறகு கைபேசியின் விளம்பர எண், அதாவது விளம்பரத்துக்காக உங்கள் கைபேசியை அடையாளம் காணச் செயலிகளுக்குக் கிடைக்கும் எண். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் ஆட்ஸ் என்று இருக்கும், அங்கே அதை நீக்கலாம். ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் டிராக்கிங் என்பதைத் திறந்து, செயலிகள் அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம். செயலிகள் அனுமதி கேட்டாக வேண்டும் என்று ஆப்பிள் 2021 ஏப்ரலில் கொண்டுவந்தது நல்ல மாற்றம்தான், ஆனால் தொழில்நுட்பமாக அது மறைப்பது அந்த எண்ணை மட்டும். நீங்களே தட்டிக் கொடுத்த மின்னஞ்சலை அது மறைக்காது.

இன்ஸ்டாகிராமில் அக்கவுண்ட்ஸ் சென்டரைத் திறந்தால், மெட்டாவுக்கு வெளியே நீங்கள் செய்தவற்றின் பட்டியல் ஒன்று கிடைக்கும். எந்தத் தளம், எந்தச் செயலி, எந்தத் தேதியில் உங்களைப் பற்றித் தகவல் அனுப்பியது என்று அதில் வரும். எனக்குத் தெரிந்து அதைத் திறந்து பார்த்தவர்களில் முகம் மாறாதவர் குறைவு. பழையதைத் துண்டிக்கலாம், இனி வருவதையும் துண்டிக்கலாம். துண்டிப்பது என்றால் உங்கள் கணக்கோடு இணைப்பதை நிறுத்துவார்கள் என்று மட்டும்தான் பொருள். தகவல் போய்ச் சேர்வது நிற்காது. விளம்பரங்கள் குறையும், அது உங்கள் இப்போதைய சிக்கலுக்கு உதவும். ஒவ்வொரு விளம்பரத்தின் ஓரத்திலும் மூன்று புள்ளி இருக்கும், அதற்குள் 'இது எனக்கு ஏன் காட்டப்படுகிறது' என்பதும் உண்டு. விளம்பரதாரர் ஏற்றிய பட்டியலில் நீங்கள் இருந்தால் பெரும்பாலும் அங்கே தெரியும்.

மனைவியிடம் என்ன சொல்வது என்பது என் துறை இல்லை. அவரிடம் சொல்ல நீங்கள் தயாராகும் வரை ஒரு விஷயம் கைகொடுக்கலாம், அதுவும் பொய்யாக இருக்காது. "இவர்களைப் போல இருப்பவர்களுக்கும் காட்டு" என்ற கணக்கில், எந்தப் பிரச்சினையும் இல்லாத எத்தனையோ பேருக்கு இதே விளம்பரங்கள் போகின்றன. ஒருவர் திரையில் விளம்பரம் வந்தது என்பது அவரைப் பற்றிய சான்று ஆகாது. மருத்துவரிடம் இந்தப் பயத்தைச் சொல்லுங்கள். இதனால் நீங்கள் வராமல் போக நினைத்தீர்கள் என்பது அவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

அந்தச் சோதனைத் தளத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நீளமாக வேண்டாம். "உங்கள் தளத்தில் இந்த முகவரியைக் கொடுத்திருந்தேன். என்னைப் பற்றி வைத்திருக்கும் எல்லாத் தகவலையும் நீக்குங்கள். விளம்பர நிறுவனங்களில் ஏற்றிய பட்டியல்களிலிருந்தும் என் முகவரியை எடுத்துவிடுங்கள். யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்." இவ்வளவு போதும். ஜிடிபிஆர் பொருந்தும் நிறுவனம் என்றால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் முறையீட்டுக்கு வழி இருந்தால் பதில் வராதபோது அங்கே போகலாம். பழைய முகவரியிலிருந்தே அனுப்புங்கள், இல்லையென்றால் உங்களை யார் என்று நிரூபிக்கச் சொல்லி இன்னும் நான்கு தகவல் கேட்பார்கள்.

ஒன்றை மட்டும் வரிசை மாற்றாமல் செய்யுங்கள். அக்கவுண்ட்ஸ் சென்டரில் துண்டிப்பதற்கு முன்பே அந்தப் பட்டியலைத் திறந்து, அந்தத் தளத்தின் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "நாங்கள் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை" என்று அவர்கள் பதில் எழுதினால், காட்டுவதற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான். துண்டித்த பிறகு தேடினால் பட்டியல் காலியாக இருக்கும்.